வீட்டுக்காரன்: ஒரு நீலகிரிப் பறவை தன் பெயரைத் திரும்பப் பெற்ற கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

வழக்கமா இந்த பாட்காஸ்டுல ஒரு கோட்டை, ஒரு வழக்கு, ஒரு பஞ்சம்னு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வருவேன். இன்றைக்குக் கதாநாயகனோட நீளமே 13 சென்டிமீட்டர்தான். நீலகிரியில் வாழும் ஒரு குட்டித் தகைவிலான். அதுக்கு எப்படிப் பெயர் வந்தது, அந்தப் பெயர் எப்படிப் பின்னுக்குத் தள்ளப்பட்டது, எப்படித் திரும்ப வந்தது என்பதுதான் கதை. ஆனா அதுக்கு முன்னாடி நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாகணும். அந்தத் தப்பு இல்லையென்றால் இந்த எபிசோடே இல்லை.

ஏணி மேல் நின்றவர்

போன மே மாதம் நாலு நாள் லீவு போட்டுட்டு குன்னூர் பக்கம் போயிருந்தேன். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு. அதில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிற அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் பைனாகுலரோடு நான் சுற்றுவதைப் பார்த்து முதல் நாளே கேட்டுவிட்டார்.

"தம்பி, நீங்க குருவி பாக்குற ஆளா?"

"ஆமாங்கம்மா" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே.

மூன்றாம் நாள் காலையில் பெயிண்டர் வந்தார். மழை பிடிக்கிறதுக்குள்ள வராண்டாவை முடிக்கணும். வராண்டாவில் உத்தரத்துக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, மண்ணால் கட்டின சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு கூடு. அதைச் சுற்றி இரண்டு தகைவிலான்கள் பறந்துகொண்டிருந்ததை முந்தின நாளே பார்த்திருந்தேன். நீல முதுகு, செம்பழுப்புத் தொண்டை. குளிர்காலத்தில் ஊரெங்கும் மின்கம்பியில் வரிசையா உட்காருமே, அந்தச் சாதாரணத் தகைவிலான் என்று முடிவு பண்ணி ஈபேர்டு தளத்திலும் ஏற்றிவிட்டேன்.

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கூட்டை எடுத்துட்டு அடிக்கலாமான்னு இவர் கேக்குறார். நீங்களே சொல்லுங்க."

நான் சொன்னதை அப்படியே சொல்றேன். "அம்மா, இது குளிருக்கு வடக்கேயிருந்து வர்ற பறவை. நம்ம பக்கம் கூடு கட்டாது. இது வேற ஏதோ குருவி விட்டுட்டுப் போன பழைய கூடு. எடுத்துடலாம்."

"வருஷா வருஷம் இங்கதானே தம்பி குஞ்சு பொரிக்குது?"

"அது வேற குருவியா இருக்கும்மா."

பெயிண்டர் ஏணியைச் சாத்தி மேலே ஏறினார். சுரண்டுகிற தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே பார்த்துச் சொன்னார்: "மூணு முட்டை இருக்குங்க."

யாரும் என்னைத் திட்டவில்லை. அந்த அம்மா உள்ளே போய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் சேர்த்துத்தான். அன்று ராத்திரியே ஈபேர்டிலிருந்து ஒரு மின்னஞ்சல். பட்டியல்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் ரொம்பப் பணிவாகக் கேட்டிருந்தார்: மே மாதம், குன்னூர், கூட்டுக்குப் பக்கத்தில் ஜோடி என்று எழுதியிருக்கிறீர்கள், பறவையை இன்னொரு முறை பார்க்க முடியுமா?

மறுநாள் காலை ஆறு மணிக்கு வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

நெஞ்சில் பட்டை இருக்கா?

சரி, நீலகிரியில் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பூச்சி பிடிக்கிற ஒரு குட்டிப் பறவையைப் பார்க்கிறீர்கள். முதல் கேள்வி, அது தகைவிலானா, உழவாரனா? தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது நம் அதிர்ஷ்டம். தகைவு என்றால் தடை, இளைப்பு. தகைவிலான் என்ற பெயரை இளைப்பே இல்லாதவன் என்று பிரித்துப் பார்க்கலாம். உழவாரன் அதைவிட வேகம். அதன் இறக்கை அரிவாள் போல ஒரே வளைவாக, விறைப்பாக இருக்கும். அதன் காலால் சுவரையோ பாறையையோ பற்றித் தொங்கத்தான் முடியும், கம்பியில் உட்கார முடியாது. கம்பியில் உட்கார்ந்துவிட்டால் அது தகைவிலான் குடும்பம்தான். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் தூரத்து உறவுகூட இல்லை. உழவாரனுக்கு நெருங்கிய சொந்தம் தேன்சிட்டு மாதிரி பூவில் தேன் குடிக்கிற அமெரிக்க ஹம்மிங்பேர்டு.

உழவாரன் இல்லையென்று ஆன பிறகு நீலகிரியில் குழப்புகிறவை முக்கியமாக மூன்று. முதலாவது, பாறைத் தகைவிலான். உடம்பு முழுக்கக் கரும்பழுப்பு. நீலப் பளபளப்பே கிடையாது. வாலில் பிளவு இல்லை, விரிக்கும்போது வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கோட்டைச் சுவர், கோயில் கோபுரம், பாறை முகடு எல்லாம் இதன் இடம்.

இரண்டாவது, குளிர்கால விருந்தாளியான சாதாரணத் தகைவிலான். நீல முதுகு, செம்பழுப்பு நெற்றி, செம்பழுப்புத் தொண்டை. மூன்றாவது, மலைத் தகைவிலான். இதற்கும் அதே நீல முதுகு, அதே நெற்றி, அதே தொண்டை! இங்கேதான் நான் விழுந்தேன்.

வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று புத்தகம் சொல்லும். சாதாரணத் தகைவிலானுக்கு வாலின் இரண்டு ஓரமும் கம்பி போல நீண்டிருக்கும். மலைத் தகைவிலானுக்கு நீட்சி இல்லாத, லேசாகப் பிளந்த வால். ஆனால் குளிர்காலத்தில் நம் ஊருக்கு வருவதில் நிறைய இளம் பறவைகள் இருக்கும், அவற்றுக்கு வால் குட்டை. பெரிய பறவைகளும் இங்கே இருக்கும்போதுதான் இறகு மாற்றும். அதனால் வாலை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். நெஞ்சைப் பார்க்கணும். சாதாரணத் தகைவிலானுக்குச் செம்பழுப்புத் தொண்டைக்குக் கீழே கழுத்துப்பட்டி போட்ட மாதிரி ஒரு கருநீலப் பட்டை. அதற்குக் கீழே வயிறு வெளுப்பு. மலைத் தகைவிலானுக்கு அந்தப் பட்டை கிடையாது. செம்பழுப்பு நேராக நெஞ்சில் இறங்கி, சாம்பல் வயிற்றோடு கலந்துவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்த இருபதாவது நிமிடம் ஒரு பறவை வந்து கொடிக்கம்பியில் உட்கார்ந்தது. பட்டை இல்லை. முந்தின நாள் நான் எடுத்த போட்டோவிலும் பட்டை இல்லை. பார்த்தது ஒன்று, எழுதியது ஒன்று. கேமரா சரியாகத்தான் எடுத்திருக்கு, நான்தான் பார்க்கவில்லை.

அந்துப்பூச்சி தின்ற பெட்டி

ஊருக்குத் திரும்பியதும் இந்தப் பறவையின் அறிவியல் பெயரைத் தேடினேன். ஹிருண்டோ டோமிகோலா. வைத்தவர் ஜெர்டன். இங்கேதான் வரலாறு ஆரம்பிக்குது.

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் 1811-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்கு மருத்துவராக 1836-ல் வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பறவைகளைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டார். அந்தக் காலத்தில் பறவையை அடையாளம் காணுவது என்றால் அதைச் சுட்டு, தோலை உரித்து, பதப்படுத்தி, ஐரோப்பாவில் இருக்கிற ஒரு பெரிய நிபுணருக்கு அனுப்பி, அவர் சொல்லும் பெயருக்காகக் காத்திருப்பது. ஜெர்டனும் அப்படித்தான் செய்தார். ஸ்காட்லாந்தில் இருந்த வில்லியம் ஜார்டினுக்குத் தன் சேகரிப்பை அனுப்பினார். கப்பல் போய்ச் சேர்ந்தது, பெட்டியும் போய்ச் சேர்ந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அந்துப்பூச்சி புகுந்து எல்லாவற்றையும் அரித்திருந்தது.

பேக்கப் இல்லாமல் டேட்டா போன நாளை நினைத்துப் பாருங்கள், அதே வயிற்றெரிச்சல்தான். ஆனால் அதுக்கப்புறம் ஜெர்டன் அடையாளம் காணும் வேலையைத் தானே செய்யத் தொடங்கினார். சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் 1839 முதல் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். மொத்தம் 420 இனங்கள். அதற்கு முன் 1832-ல் கர்னல் சைக்ஸ் வெளியிட்ட தக்காணப் பட்டியலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாம் பார்த்த பாறைத் தகைவிலானுக்கு அறிவியல் பெயர் வைத்ததும் அந்த சைக்ஸ்தான், அதே 1832-ல்.

ஜெர்டனுக்கும் சறுக்கல் உண்டு. குகைகளில் எச்சிலால் கூடு கட்டும் இந்தியச் சிற்றுழவாரனை 1840-ல் விவரித்தவர் அவர். அதற்கு வைத்த பெயர் ஹிருண்டோ யூனிகலர். ஹிருண்டோ என்றால் தகைவிலான் பேரினம்! உழவாரனைத் தகைவிலான் வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. 1758-ல் லின்னேயஸே உழவாரனை ஹிருண்டோவுக்குள்தான் வைத்திருந்தார். ஸ்கோபோலி என்ற இன்னொரு மருத்துவர் 1777-ல்தான் உழவாரனுக்கு ஏபஸ் என்ற தனிப் பேரினத்தை உண்டாக்கினார். ஏணி விஷயத்துக்குப் பிறகு இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு, மறைக்காம சொல்றேன்.

இருபது வயதுச் சுவர்கள்

இப்போது நம் ஆள். 1840-களின் முதல் பாதியில் ஜெர்டன் நீலகிரியின் இந்தச் சின்னத் தகைவிலானைத் தனி இனமாக விவரித்து டோமிகோலா என்று பெயர் வைத்தார். லத்தீனில் டோமஸ் என்றால் வீடு. கோலா என்றால் வசிப்பவர். சேர்த்துச் சொன்னால் வீட்டுவாசி. நம் பாஷையில் வீட்டுக்காரன்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க. எந்த வீடு?

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு முதல்முறை ஏறியது 1819-ல். உதகையில் அவர் கல்வீடு கட்டத் தொடங்கியது 1822-ல். மக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அடுத்த ஆண்டே ஏரி வேலையும் ஆரம்பித்தது. 1830-ல் புனித ஸ்டீபன் தேவாலயம் எழுந்துவிட்டது. அதற்கு முன் மலையில் வீடே இல்லை என்று அர்த்தமில்லை. தோடர்களின் மந்துகள், கோத்தர்களின் ஊர்கள், படுகர்களின் ஹட்டிகள் எல்லாம் காலங்காலமாக இருந்தவை. ஆனால் தோடர் குடிசையின் கூரை கிட்டத்தட்டத் தரையைத் தொடும், வாசலில் குனிந்து தவழ்ந்துதான் நுழையணும். உயரமான சுவர், வராண்டா, நீட்டிய இறவாணம் கொண்ட பங்களா என்பது மலைக்குப் புதுசு.

தகைவிலானுக்குக் கூடு கட்ட இரண்டு தேவை. மழை படாத ஒரு செங்குத்துச் சுவர். அலகில் உருட்டி எடுத்து வர ஈர மண். பாறை விளிம்புக்கு அடியிலும் இது கூடு கட்டும். பங்களா ஒன்று கட்டினால் மழை படாத சுவர் நாலு பக்கமும் கிடைக்குது. ஏரி வெட்டினால் கரையெல்லாம் சேறு. ஜெர்டன் வந்து பார்க்கும்போது உதகையின் பங்களாக்களுக்கு வயது சுமார் இருபது. அதற்குள் ஒரு இயற்கையியலாளர் இந்தப் பறவையைப் பார்த்ததும் வீட்டோடு சேர்த்தே யோசிக்கிற அளவுக்கு அது குடியேறியிருந்தது. பாறையில் எத்தனை ஆயிரம் வருஷம் இருந்ததோ, பெயர் என்னவோ புது வீட்டின் பேரில்தான் பதிவாகியிருக்கு.

அதுக்கப்புறம் மலையில் கட்டடங்கள் நின்றபாடில்லை. தேயிலைத் தொழிற்சாலைகள், தொழிலாளர் லைன் வீடுகள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ரயில், 1908-ல் அது உதகை வரை. அந்தப் பாதையில் மட்டும் 16 சுரங்கங்கள். பாலத்தின் அடியும் சுரங்கத்தின் வாயும் தகைவிலானுக்கு வீடு மாதிரிதான். இலங்கையின் மலையகத்திலும் இதே இனம், அங்கேயும் கட்டடங்களை ஒட்டியே வாழ்கிறது.

டஹிட்டிக்குப் போன பெயர்

இனிமேல்தான் ட்விஸ்ட். கேப்டன் குக்கின் பயணங்களுக்குப் பிறகு பசிபிக் தீவுகளின் பறவைகள் லண்டனுக்கு வந்து குவிந்தன. டஹிட்டித் தீவின் தகைவிலான் ஒன்றை ஜான் லேதம் ஆங்கிலத்தில் விவரித்தார். அந்த விவரிப்பை வைத்து 1789-ல் ஜெர்மனியின் க்மெலின் ஹிருண்டோ டஹிட்டிகா என்று லத்தீன் பெயர் கொடுத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் பறவையியலில் ஒரு போக்கு வலுவடைந்தது. ஒன்றுக்கொன்று நெருக்கமான வடிவங்களைத் தனித்தனி இனமாக வைக்காமல், ஒரே பெரிய இனத்தின் கிளை இனங்களாக அடுக்குவது. டஹிட்டியிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக வந்தால், செம்பழுப்புத் தொண்டையும் குட்டை வாலும் உள்ள தகைவிலான்கள் வழியெல்லாம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இனமாக மெர்ஜ் பண்ணிவிட்டார்கள். எந்தப் பெயர் நிற்கும்? விதிப்படி முதலில் பதிவான பெயர். 1789 எங்கே, 1840-கள் எங்கே. டஹிட்டி ஜெயித்தது.

அதனால் குன்னூர் வராண்டாவில் கூடு கட்டும் பறவைக்கு, சுமார் 15,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தீவின் பெயர் இனப்பெயராக வந்தது. பொதுப்பெயரோ பசிபிக் தகைவிலான். பசிபிக் கடலையே பார்க்காத பறவை! ஜெர்டனின் பெயர் அழியவில்லை, மூன்றாவது சொல்லாக ஓரத்தில் உட்கார்ந்தது: ஹிருண்டோ டஹிட்டிகா டோமிகோலா. எங்கள் தொழிலில் பழைய பிராஞ்சை டெலிட் பண்ணாமல் விட்டுவைப்போம், எப்போதாவது தேவைப்படும் என்று. அந்த மாதிரி.

தேவைப்பட்டது. 2005-ல் பமீலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் தெற்காசியப் பறவைகள் பற்றிய தங்கள் நூலில் தென்னிந்திய, இலங்கைப் பறவையை மறுபடியும் தனி இனமாக வைத்தார்கள். உலகப் பட்டியல்களும் பின்னால் அதை ஏற்றன. ஆங்கிலப் பொதுப்பெயர் இப்போது மலைத் தகைவிலான் என்ற பொருளில் இருக்கிறது. அறிவியல் பெயருக்குப் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் இருந்த டோமிகோலா மறுபடி இரண்டாவது இடத்துக்கு வந்தது.

சில பேர் கேக்கலாம்: பறவை பாட்டுக்குப் பறக்குது, பெயர் மாறினால் அதுக்கென்ன? பறவைக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் உலகம் பூரா பரவிய ஒரு இனத்தின் ஓரக்கிளை என்று எழுதிவைத்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிற இனம் என்று எழுதும்போது, அதை எண்ணுவதும் கூட்டைப் பார்த்துக்கொள்வதும் நம் வேலையாகிவிடுகிறது. நான் கையை ஆட்டி "எடுத்துடலாம்" என்று சொன்னது அப்படிப்பட்ட ஒரு பறவையின் மூன்று முட்டைகளை.

பெயிண்ட் படாத இடம்

என் தப்பு எங்கே நடந்தது என்று திரும்பிப் பார்க்கிறேன். நிறத்தை மட்டும் பார்த்தேன். நீல முதுகு, சிவந்த தொண்டை, ஓகே, முடிந்தது. மாதத்தைப் பார்க்கவில்லை. மே மாதத்துக்குள் குளிர்கால விருந்தாளிகள் பெரும்பாலும் கிளம்பியிருப்பார்கள். கூட்டைப் பார்த்தும் அதை நம்பவில்லை. தென்னிந்தியாவில் அந்த விருந்தாளி கூடு கட்டாது என்பது எனக்கு நல்லாவே தெரியும். அது தெரிந்ததால்தான் கண் முன்னால் இருந்த கூட்டைப் பழைய கூடு என்று சொன்னேன். அறிவை வைத்துச் சாட்சியைத் தள்ளுபடி பண்ணிவிட்டேன்.

ஜெர்டன் அந்தப் பறவைக்கு நிறத்தை வைத்துப் பெயர் வைத்திருக்கலாம், தொண்டையை வைத்தோ வாலை வைத்தோ வைத்திருக்கலாம். அது எங்கே குடியிருக்கிறது என்பதை வைத்தார். அந்த ஒரு வார்த்தை தெரிந்திருந்தால்கூட எனக்குப் போதும்: நீலகிரியில், கோடையில், வீட்டுச் சுவரில் வாய் திறந்த மண் கிண்ணம், செம்பழுப்புத் தொண்டை என்றால் வேறு யாரு? "வருஷா வருஷம் இங்கதானே குஞ்சு பொரிக்குது" என்று அந்த அம்மா சொன்னதும் அதே அடையாளம்தான். லத்தீன் இல்லாமல் சொன்னார், நான் கேட்கவில்லை.

ஈபேர்டில் பதிவைத் திருத்திவிட்டேன். சரிபார்த்தவருக்கு நன்றி சொல்லி எழுதினேன். கிளம்புகிற அன்று அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, அண்ணன் ஏறிப் பாத்துட்டார்ல" என்றார். அவ்வளவுதான். பெயிண்டர் கூட்டைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டு மீதிச் சுவரை முடித்திருந்தார். புது வெள்ளைக்கு நடுவே பழைய மஞ்சளில் ஒரு கட்டம், அதன் நடுவே கூடு.

ஜூலையில் அவர் ஒரு போட்டோ அனுப்பினார். கூடு காலி. கீழே தரையில் எச்சம் விழாமல் இருக்க விரித்திருந்த பழைய செய்தித்தாள் அப்படியே இருந்தது. "பறந்துடுச்சு. இப்ப அடிக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

இந்த முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்த வகைத் தகைவிலான்கள் பழைய கூட்டையே ஒட்டுப்போட்டு மறுபடியும் பயன்படுத்துவது உண்டு என்று படித்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, "அடிக்காம விட்டா நல்லதும்மா, ஆனா உங்க வீடு" என்று எழுதினேன். அடிக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

உங்கள் வீட்டு இறவாணத்திலோ, பள்ளிக்கூட வராண்டாவிலோ, ரயில் நிலையக் கூரையிலோ மண் கூடு இருந்தால், எந்த ஊர், எந்த மாதம், நெஞ்சில் பட்டை இருந்ததா என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் மறுபடியும் கோட்டைப் பக்கம் போவோம்.